மூடிக்குள்ளே எழுதியது

அந்தத் தெருவில் அவருக்கென்று தனியாக ஒரு பெயர் கிடையாது. 'டெய்லரம்மா வீட்டுக்காரர்' என்றால்தான் பால் போடுகிறவருக்கும் தெரியும், தபால்காரருக்கும் தெரியும். ஒரு காலத்தில் ஊரில் பாதி டெலிபோன் இவர் விரல் நுனியில் இருந்தது என்பதெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? தெருவோரம் பள்ளம் தோண்டி, உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து, முழங்கை மொத்தத்துக்கு இருக்கும் கேபிளைப் பிளந்து மடியில் போட்டுக்கொண்டு, நூல் நூலாக இருக்கும் கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டிருப்பாரே, போகிறவர் வருகிறவரெல்லாம் எட்டிப் பார்த்து "எங்க வீட்டு போன் எப்ப சார் பேசும்?" என்று கேட்டு உயிரை வாங்குவார்களே, அந்த ஆள்தான் இவர். முப்பத்திநாலு வருஷம் கேபிள் ஜாயின்டர் வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால் மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது சங்கடம். வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் அது பெருக்க வேண்டிய இடமாக இருந்தது. "ஏங்க, கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்பாள் அவர் மனைவி. தூக்குவார். கொஞ்ச நேரம் கழித்து வேறு நாற்காலி, வேறு பெருக்கல். டெய்லரம்மாவுக்கு வாசலறையில் தையல் மெஷின், இருபத்தைந்து வருஷத்து வாடிக்கை, எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். அந்த வீடு அவளுக்குத் தகுந்தபடி ஓடிப் பழகிய வீடு. நடுவில் வந்து நிற்கிற இவர் விருந்தாளி மாதிரிதான். அதுவும் போகிற நாள் தெரியாத விருந்தாளி.

உதவி செய்யாமல் இருந்தாரா என்றால், பாவம், செய்தார். ஒரு நாள் அவள் கடைக்குப் போன நேரத்தில் நூல்கண்டுகளை எல்லாம் எடுத்து நிறவாரியாக அடுக்கி வைத்தார். எந்த வரிசையில்? கேபிள் வரிசையில். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். அந்த வரிசை அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஆனால் ரோஜா நிறத்துக்கும் மயில் கழுத்து நிறத்துக்கும் டெலிபோன் இலாகாவில் இடமே கிடையாதே, அவற்றை ஒரு பையில் கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டார். டெய்லரம்மா இரண்டு நாள் ரோஜா நூலைத் தேடினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "நீங்க சும்மா உக்காருங்க, அதுவே போதும்" என்றாள். அது அவருக்கு உள்ளே போய்க் குத்திக்கொண்டு நின்றது.

இந்த நிலைமையில்தான் ஸ்விட்ச் போர்டு வந்து மாட்டியது. தையலறையில் கதவோரம் பழைய மரப்பெட்டி போர்டு. நாலு ஸ்விட்ச், ஒரு பிளக். ஒன்று டியூப்லைட்டுக்கு, ஒன்று மெஷினுக்கு மேலே தொங்குகிற விளக்குக்கு, ஒன்று சுவர் விசிறிக்கு, நாலாவது பிளக்குக்கு. அந்தப் பிளக்கில்தான் மெஷின் மோட்டார். விசிறி ஸ்விட்ச் உடைந்து ஆடிக்கொண்டிருந்தது. ஒரு தடவை கையில் சுரீரென்று அடித்ததிலிருந்து அவள் அதை மர ஸ்கேலால் தள்ளித்தான் போடுவாள். இதை அவள் இவரிடம் சொல்லவே இல்லை. பக்கத்துத் தெரு வயர்மேனைக் கூப்பிடப்போவதாக வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஹாலில் இவர் காதில் விழுந்தது. வீட்டிலேயே ஒரு ஆள், ஒரே பள்ளத்தில் ஆயிரத்து இருநூறு ஜோடிக் கம்பி இணைத்தவன், குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்க, நாலு ஸ்விட்ச் மாற்ற வெளியாளா? மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய்ப் புதுப் பெட்டியும் ஸ்விட்சுகளும் வாங்கி வந்துவிட்டார்.

அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் உடை போய்ச் சேர வேண்டும். வெள்ளைப் பட்டு. கைத்தையல் மட்டும் பாக்கி என்று நினைத்திருந்தது, நேற்று போட்டுப் பார்த்தபோது இடுப்பில் பிடிக்கிறது என்று அந்தப் பெண் சொன்னதால் இரண்டு பக்கத் தையலையும் பிரித்து மறுபடி மெஷினில் ஓட்ட வேண்டும். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமே என்றாள். அரை மணி நேர வேலை, நீ ஹாலில் உட்கார்ந்து தையலைப் பிரித்து முடிப்பதற்குள் ஆகிவிடும் என்றார் இவர். அவள் ஒரு நிமிஷம் இவர் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, சரி என்று உடையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மெயினை அணைத்தார். அணைத்த பிறகும் டெஸ்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பழைய போர்டின் மேல்மூடியை, அந்த மரப்பலகையைக் கழற்றினார். உள்பக்கம் முழுக்க ஒட்டடை அப்பிக் கிடந்தது. தும்மல் வந்துவிடும் என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே வயர்களை வெட்டிவிட்டு, பலகையைச் சாக்கில் போட்டுப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார். எந்த வயர் எங்கே இருந்தது என்று குறித்து வைத்தாரா? இல்லை. ஜாயின்டர் எதற்குக் குறிக்க வேண்டும்? நிறம்தான் இருக்கிறதே. முப்பத்திநாலு வருஷத்தில் நிறம் அவரிடம் ஒரு நாள்கூடப் பொய் சொன்னது கிடையாது.

பெட்டிக்குள் நாலு சிவப்பு, இரண்டு கறுப்பு, ஒரு பச்சை. மெயினை ஒரு நிமிஷம் போட்டு, கரண்ட் வருகிற சிவப்பு எது என்று டெஸ்டரால் பார்த்து, அதில் டேப் சுற்றி, மறுபடி அணைத்தார். வருகிற சிவப்பு ஒன்று. மிச்சம் மூன்று சிவப்பு, டியூப்லைட், விளக்கு, விசிறி மூன்றுக்கும். கணக்கு கச்சிதம். கறுப்பு இரண்டும் நியூட்ரல், கரண்ட் திரும்பிப் போகிற வயர், சேர்த்துப் பிளக்கில் முறுக்கினார். பச்சை எர்த். மூடி போட்டு, ஸ்க்ரூ முறுக்கி, துடைத்துப் பார்த்தால் புதுப் பல் கட்டின மாதிரி வெள்ளைவெளேர் என்று இருந்தது. மெயினைப் போட்டார். டியூப்லைட் எரிந்தது. விளக்கு எரிந்தது. மெஷின் ஓடியது. இருபத்தெட்டு நிமிஷம். உச்சி குளிர்ந்துபோய், கடைசியாக விசிறி ஸ்விட்சைத் தட்டினார்.

விசிறி அசையவில்லை. அதற்குப் பதிலாக சமையலறையில் ரேடியோ பேச ஆரம்பித்தது.

நாளைய வானிலையை யாரோ நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஸ்விட்சை அணைத்தார். ரேடியோ வாயை மூடிக்கொண்டது. போட்டார். லேசான மழைக்கு வாய்ப்பு. ஹாலிலிருந்து அவள், ரேடியோவை ஏன் போட்டுப் போட்டு அணைக்கிறீர்கள் என்று கேட்டாள். இவருக்கு அசடு வழிந்தது. போய்ப் பார்த்தால் சமையலறையில் லைட்டும் அப்படித்தான். தையலறையில் விசிறி ஸ்விட்சைப் போட்டால்தான் அங்கே உயிர்.

விசிறிதானே, போனால் போகிறது என்று விட முடியாது. தையலறை ஜன்னலைத் திறந்தால் ரோட்டுப் புழுதி அத்தனையும் உள்ளே. வெள்ளைப் பட்டு கிடக்கிறபோது திறக்கவே கூடாது. விசிறி இல்லாமல் மூடின அறையில் உட்கார்ந்தால் வியர்வை சொட்டும். பட்டில் ஒரு சொட்டு விழுந்தால் கறைதான், எடுக்கவே முடியாது. டெய்லரம்மா வந்து பார்த்தாள், நெற்றியைத் துடைத்துக்கொண்டாள், உடையை மறுபடி ஹாலுக்கே கொண்டுபோனாள். பன்னிரண்டு மணிக்கு வந்து அமைதியாகச் சொன்னாள். இரண்டு மணி வரை பார்ப்பாளாம். அதற்கு மேல் வயர்மேனைக் கூப்பிட்டுவிடுவாளாம். அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தாயிற்றாம்.

அவளுக்கு வாக்கு. இவருக்கு என்னவென்றால், அந்த வயர்மேன் இந்த வாசற்படி ஏறினான் என்றால் அதோடு முடிந்தது. பெட்டியைத் திறந்து பார்த்து, "யார் சார் இப்படிப் பண்ணி வெச்சது?" என்று கேட்பான். கேட்டே தீருவான், வயர்மேன்கள் ஜாதகமே அப்படி. அப்புறம் ஆயுசுக்கும் இந்த வீட்டில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மெயினை அணைத்துவிட்டு மறுபடி எல்லாவற்றையும் பிரித்தார். சிவப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒரு தடவை டியூப்லைட் ஸ்விட்சில் ரேடியோ பேசியது, ஒரு தடவை விளக்கு ஸ்விட்சில். விசிறி மட்டும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி சுவரில் உட்கார்ந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஒன்றரை மணிக்கு மண்டையைப் பிய்த்துக்கொள்வதை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பள்ளத்தில் ஒரு ஜோடி பேசாவிட்டால் என்ன செய்வோம் என்று யோசித்தார். அங்கே ஒருவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மறுமுனையில் ஒரு ஆள் வேண்டும். அவன் அங்கே அந்த ஜோடியை ஒன்றோடொன்று தொட வைப்பான், இவர் இங்கே பேட்டரியும் பஸ்ஸரும் வைத்து ஒவ்வொரு கம்பியாகப் பார்ப்பார், பஸ்ஸர் கத்தினால் அதுதான் ஜோடி. இருபது வருஷம் ஒரே ஆள்தான் மறுமுனையில் இருந்தான். இப்போது மகனோடு வேறு ஊரில் இருக்கிறான். பழைய பையிலிருந்து பஸ்ஸரை எடுத்தார். அப்புறம் தன்மானத்தை மென்று விழுங்கிவிட்டு ஹாலுக்குப் போனார்.

"ஏம்மா, தனியா முடியலை. மறுமுனைக்கு ஒரு ஆள் வேணும். வர்றியா?"

அவள் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு உடனே எழுந்து வந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் வேலை விஷயமாக அவர் அவளை ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. மெயின் அணைந்திருப்பதை அவளையே போய்ப் பார்க்கச் சொன்னார். விசிறியின் இரண்டு வயரையும் கழற்றிக் கொடுத்து, நான் சொல்கிறபோது இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடி என்றார். அவள் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டாள். இவர் கதவோரம் பஸ்ஸரின் ஒரு முனையை நியூட்ரல் கறுப்பில் மாட்டி, மறுமுனையால் சிவப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒன்று. சத்தமில்லை. இரண்டு. சத்தமில்லை. நாலும் பார்த்தாயிற்று. சரியாகப் பிடித்திருக்கிறாயா என்று கேட்டார். பிடித்திருக்கிறேன் என்றாள். மறுபடி நாலும். பஸ்ஸர் செத்துக் கிடந்தது.

ஸ்டூல் மேலிருந்து அவள் கேட்டாள், "மூடியில என்னதான் எழுதியிருக்கு? எனக்கு மறந்துபோச்சு."

"எந்த மூடி?"

அவள் வயரை விட்டுவிட்டு மெல்லக் கீழே இறங்கினாள். ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டாள். "நீங்க காலையில மூடியைக் கழட்டினதும் பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றாள். "பார்த்துட்டும் ஒண்ணும் சொல்லலையேன்னு நினைச்சேன்."

இவர் நேரே பின்பக்கம் போனார். சாக்கைக் கவிழ்த்தார். உடைந்த ஸ்விட்சுகளுக்கு அடியில் அந்தப் பலகை கிடந்தது. ஒட்டடையைச் சட்டை நுனியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க எழுத்து வந்தது. துணியில் குறி போடுகிற நீலப் பென்சில், அவள் கையெழுத்து, இப்போதைவிடக் கொஞ்சம் குண்டாக.

"விசிறிக்குக் கறுப்பு வயர். சிவப்பு தீர்ந்துபோச்சாம். அவர் ஞாயித்துக்கிழமை வந்ததும் காட்டணும்." அதற்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு: "பாப்பா இன்னிக்கு ஜன்னலைப் பிடிக்காம நாலு அடி நடந்தா."

பின்பக்கத் துணி துவைக்கிற கல்லில் அவர் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் ஞாபகம் வந்தது. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வயரிங் நடந்த வாரம் அது. கேபிள்காரன் வீட்டில் ஒருத்தன் வந்து வயர் இழுக்கிறானே, ஞாயிற்றுக்கிழமை வந்து நானே போர்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன் என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். சனிக்கிழமை மழை. பள்ளத்தில் தண்ணீர் இறங்கி ஒரு பேட்டை முழுக்க டெலிபோன் செத்துப்போனது. வீட்டுக்கு வந்தது புதன்கிழமை. வந்தபோது ஒரு வயசு மகள் பாப்பா வீடு முழுக்க நடந்துகொண்டிருந்தாள், அவரும் சிரித்துத் தூக்கிக்கொண்டார், என்றைக்கு நடந்தாள் என்று கேட்கத் தோன்றவே இல்லை. போர்டைத் திறக்கவும் இல்லை.

அதைவிட இன்னொன்று. மூடியில் எழுதுகிற வழக்கத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். எந்தத் தெருமுனைக் கேபிள் பெட்டியைத் திறந்தாலும் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கும்; எந்த ஜோடி பழுது, எதை எங்கே மாற்றியிருக்கிறது என்று முதலில் வந்தவன் அடுத்து வருகிறவனுக்கு எழுதி வைப்பது. புதுசாகக் கல்யாணமான நாளில், எங்கள் ஆட்கள் பெட்டியைத் திறந்தால் வயரைத் தொடுவதற்கு முன்னால் மூடியைத்தான் படிப்போம், படிக்காமல் கை வைக்கிறவன் ஜாயின்டரே இல்லை என்று அவளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறார். அவள் நம்பினாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்த மனுஷன் திறப்பார், முதலில் படிப்பார் என்று நம்பி எழுதி வைத்தாள். ஊரில் உள்ள அத்தனை பெட்டிக்கும் மூடி படித்தவர், சொந்த வீட்டில் திறந்த ஒரே பெட்டிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டியிருக்கிறார்.

பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கண் கலங்கியிருந்ததை ஒட்டடை மேல் போடலாமா என்று பார்த்தார், அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"இதை ஏம்மா நீ வாயால சொல்லலை?"

"சொல்லத்தான் நினைச்சேன். நீங்க வந்து தூங்கிட்டீங்க. மறுநாள் மறுபடி பள்ளம். அப்புறம், என்னைக்காவது திறப்பாரு, அப்பப் பார்ப்பாருன்னு விட்டுட்டேன்." கொஞ்சம் சிரித்தாள். "இத்தனை வருஷம் ஆகும்னு நினைக்கலை."

அவள் ஸ்டூல் மேல் ஏறி இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மணி ஆகிறது என்று ஞாபகப்படுத்தினாள்.

கறுப்பில் ஒரு முனை. மறுமுனையை இன்னொரு கறுப்பில் வைத்தார். பஸ்ஸர் வீடே அதிரக் கத்தியது. ஜோடி கிடைத்துவிட்டது. மற்றதெல்லாம் பத்து நிமிஷ வேலை. இத்தனை நேரம் விசிறி என்று நினைத்துக்கொண்டிருந்த சிவப்பு, சமையலறைக்குப் போகிற கரண்ட். அதை வருகிற சிவப்போடு நேராகச் சேர்த்தார். விசிறியின் கறுப்பைப் பிளக்கிலிருந்து பிரித்து, நுனியில் சிவப்பு டேப் சுற்றி, விசிறி ஸ்விட்சில் முறுக்கினார். மூடுவதற்கு முன்னால் அவளுடைய நீலப் பென்சிலை வாங்கி, ஒரு காகிதத்தில் 'விசிறிக்குக் கறுப்பு' என்று எழுதிப் புது மூடியின் உள்பக்கம் ஒட்டினார். மெயினைப் போட்டார். ரேடியோ தன்பாட்டுக்குப் பேச, விசிறி சுழல, டெய்லரம்மா உடையோடு வந்து மெஷினில் உட்கார்ந்தாள். மணி இரண்டாக ஐந்து நிமிஷம் இருந்தது. ஸ்விட்சை இப்போது ஸ்கேல் இல்லாமல், விரலாலேயே ஒரு தடவை அணைத்து, ஒரு தடவை போட்டுப் பார்த்தாள்.

அன்றைக்கு மிச்ச நேரம் அவர் ஹாலுக்குப் போகவில்லை. மெஷின் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, வெள்ளைப் பட்டு தரையில் படாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தார். பட்டு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவள் கண்ணைக் காட்டுவாள், இவர் நகர்த்துவார். ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கல்யாணப் பெண்ணின் அக்கா வந்தாள். உடையைத் தூக்கிப் பிடித்து, இடுப்புத் தையலைத் தடவிப் பார்த்து, பிரித்துத் தைத்த அடையாளமே இல்லையே என்று சந்தோஷப்பட்டாள். இவரைப் பார்த்து, சார் யார் என்று கேட்டாள்.

"கேபிள் ஜாயின்டர்" என்றாள் டெய்லரம்மா. "எங்க வீட்டுக்காரர்."

அந்த அக்கா போன பிறகு டெய்லரம்மா அந்தப் பழைய பலகையை ஈரத்துணியால் எழுத்து அழியாமல் ஓரம் மட்டும் துடைத்து, மகளுடைய பழைய சட்டைகள் இருக்கிற அலமாரித் தட்டில் வைத்தாள். அவர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார். தையலறையில் இருப்பது அந்த ஒரே ஜன்னல்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேறு ஊரில் ஆபீஸில் இருக்கிற மகளைக் கூப்பிட்டார். அவள் பதறிப்போய் எடுத்தாள், வேலை நேரத்தில் அப்பா கூப்பிட்டதே கிடையாது.

"என்னப்பா? அம்மா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா. நீ நடந்தியாமே, நாலு அடி."

"யாரு, நானா? எப்பப்பா?"

"அது ஆச்சு இருபத்துநாலு வருஷம். உங்கம்மா அன்னைக்கே எழுதி வெச்சிருக்கா, நான் இன்னைக்குத்தான் பார்த்தேன்." அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "ஜன்னலைக்கூடப் பிடிக்கலையாம்மா நீ."